சபுரா சொன்ன நண்டுக் கதை

முப்பத்தெட்டுப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் ரப்பரால் அழித்தால், தூரத்தில் மழை வருவது போலிருக்கும். தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளியில், ஐந்தாம் வகுப்பில், வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடவேளையில் அந்தச் சத்தம் வாரம் தவறாமல் கேட்கும்.

அது கதை எழுதும் பாடவேளை. முதலில் பிள்ளைகளை எழுத விடுவேன். பிறகு நல்ல தொடக்கத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, "அழிச்சிட்டு இத எழுதுங்க" என்பேன். குனிந்த தலைகள், அசையும் முழங்கைகள், அந்த மழை. படிப்பு ஏறும் சத்தம் அதுதான் என்று இருபது வருடங்களாக நினைத்திருந்தேன்.

மாவட்டக் கதைப் போட்டியில் ஆண்டுதோறும் எங்கள் பள்ளிக்குத்தான் முதல் பரிசு. அந்த வருடம் முப்பது கதைகள் அனுப்பினோம். ஒன்றுக்குக்கூடப் பரிசு இல்லை. கட்டு திரும்பி வந்தபோது மேலே ஒரு துண்டுச் சீட்டு இருந்தது.

"முப்பது கதைகளையும் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறார். அவருடைய வயது என்ன?"

கீழே போட்டி நடுவரின் கையெழுத்து: ஜொஹரா பீவி, இடைநிலை ஆசிரியை.

தலைமையாசிரியை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துச் சிரித்தார்.

"மங்கை, வயசக் கேட்டிருக்காங்க. நாப்பத்தாறுன்னு எழுதிப் போட்டுடவா?"

அன்றே பத்து நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன்.

ஜொஹராவின் ஊருக்கு முத்துப்பேட்டையில் இறங்கி வேறு பேருந்து மாறிப் போக வேண்டும். அலையாத்திக் காட்டை ஒட்டிய ஊர். பள்ளிக்கூடம் என்பது ஓடு வேய்ந்த ஒரே கூடம். பின்னால் உப்பங்கழி. சேற்றிலிருந்து வேர்கள் விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

ஜொஹராவுக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது குறைவாக இருக்கும். சேலைத் தலைப்பால் தலையை மூடி, கையில் துடைப்பத்தோடு நின்றிருந்தார்.

"நான் மங்கையர்க்கரசி. தஞ்சாவூர். முப்பது கதை."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"வாங்கக்கா. உக்காருங்க."

"உக்கார வரல. கேலி பண்ணத்தான் அப்படி எழுதினீங்களா?"

"இல்லக்கா. நெசமாவே ஒருத்தர்தான் எழுதியிருக்காங்கன்னு நெனச்சேன். கையெழுத்து மட்டும் முப்பது விதமா இருந்துச்சு. அதுதான் எனக்குக் கொழப்பமா போச்சு."

அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"சரி. நீங்க எப்படிச் சொல்லித் தர்றீங்க? அதையாவது பாக்கறேன்."

"எத்தனை நாள் இருப்பீங்க?"

"பத்து நாள்."

"அப்ப எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க. எழுதிக் குடுக்க ஆள் இல்லாமத் திண்டாடிக்கிட்டிருக்கேன்."

நீளமான ஒரு நோட்டை என் கையில் கொடுத்தார்.

அந்தப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் பாதிப் பேருக்கு எழுத்து வராது. கதை வரும். அதனால் ஜன்னலோரம் ஒரு மேசை. தினமும் மதியத்துக்கு மேல் ஒவ்வொரு பிள்ளையாக வந்து சொல்ல வேண்டும். மேசையில் இருப்பவர் அதை எழுதி, உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். சரியாக இருந்தால் பிள்ளை கடைசியில் கைநாட்டு வைக்கும். பள்ளிக்கூடம் வாக்குச்சாவடியாக இருந்தபோது மிஞ்சிப்போன ஸ்டாம்ப் பேடு ஒன்று இருந்தது. ஊதா மை.

"சொல்றத அப்படியே எழுதணும்க்கா. கூட்டக் கூடாது, கொறைக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"அதுக்கு நான் எதுக்கு? எழுதத் தெரிஞ்ச யாரும் செய்யலாமே."

"அப்படித்தான் நானும் நெனச்சேன்," என்றார்.

முதலில் வந்தவன் கலியமூர்த்தி. ஆறு வயது. அவன் அப்பாவுக்குப் படகு இருந்தது. மேசை மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டான்.

"எழுதிக்கங்க. எங்கப்பா படகு போச்சு. போச்சு. போச்சு. ஒரு கொக்கு நின்னுச்சு. படகப் பாத்துச்சு. நாங்களும் கொக்கப் பாத்தோம்."

"அப்புறம்?"

"அப்புறம் மீன் புடிச்சோம். அது வேற கதை. அது நாளைக்கு."

எழுதியதைப் படித்துக் காட்டினேன். "எங்கள் அப்பாவின் படகு போயிற்று. ஒரு கொக்கு நின்றது..."

"நிறுத்துங்க," என்றான். "நான் மூணு போச்சு சொன்னேன்."

"ஒரு தடவை எழுதினா போதும்ப்பா. அர்த்தம் அதேதான்."

"ஒரு போச்சுக்கெல்லாம் கொக்கு இருக்கிற எடம் வராது டீச்சர். நீங்க படகுல போனதில்லையா?"

பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். ஒருத்தி பக்கத்துப் பிள்ளையிடம், "தஞ்சாவூர்ல படகே இல்லையாம்டி, பாவம்" என்றாள்.

மூன்று போச்சு எழுதினேன். 'போயிற்று'வை அடித்துவிட்டு 'போச்சு' என்று எழுதச் சொன்னான். அதையும் செய்தேன். மறுபடி படித்துக் காட்டியதும் கட்டை விரலை மையில் அழுத்தி, நாக்கைத் துருத்திக்கொண்டு, கைநாட்டு வைத்தான்.

அன்று சாயங்காலம், நான் தங்கியிருந்த தன் வீட்டில் ஜொஹரா தேநீர் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மனசு ஆறவில்லை.

"கொக்கப் பாத்தோம்னு நின்னுபோச்சு. அது எப்படிக் கதையாகும்? முடிவுன்னு ஒண்ணு வேண்டாமா?"

"நீங்க வர்றப்ப பஸ்ல பக்கத்துல யாருக்கா இருந்தாங்க?"

"ஒரு அம்மா. மடியில ஒரு கோழி. மகளுக்குப் பிரசவமாம், கொண்டுபோறாங்க. கோழி வழி பூரா என் சேலையைக் கொத்திக்கிட்டே வந்துச்சு."

"அப்புறம்?"

"மன்னார்குடியில இறங்கிட்டாங்க."

"என்ன கொழந்தை?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? இறங்கிட்டாங்கன்னு சொல்றேனே."

ஜொஹரா தேநீரை ஆற்றி என் முன்னால் வைத்தார்.

சபுரா இரண்டாம் நாள் வந்தாள்.

ஏழு வயது. மெலிந்த பிள்ளை. அவள் வாப்பா இறந்துவிட்டார். உம்மா எட்டு மாதத்துக்கு முன்னால் வீட்டு வேலைக்குக் குவைத் போயிருந்தார். அன்றிலிருந்து பெரியம்மா வீட்டில் வளர்ந்தாள். யாரிடமும் பேசுவதில்லை. கேட்டால் தலையை ஆட்டுவாள், விரலைக் காட்டுவாள். பேசுவது இந்த மேசைக்கு வந்தால் மட்டும்தான்.

"அவ சொல்றப்ப பேனாவப் பாருங்க. அவ மொகத்தப் பாக்காதீங்க. நிறுத்திடுவா," என்று ஜொஹரா சொல்லியிருந்தார்.

பேனாவைப் பார்த்தேன்.

"ஒரு குட்டி நண்டு இருந்துச்சு. உம்மா நண்டு வெளியில போச்சு. தண்ணி ஏறிடுச்சு. வளை மூடிக்கிச்சு. குட்டி நண்டு உள்ள இருந்துச்சு."

நிறுத்தினாள். காத்திருந்தேன். கட்டை விரலை நீட்டினாள்.

மூன்றாம் நாளும் அதே நண்டு. முதலிலிருந்து சொன்னாள். ஒரே ஒரு வரி கூடியிருந்தது. "உள்ள இருட்டா இருந்துச்சு."

நான்காம் நாள் இன்னும் கொஞ்சம். "குட்டி நண்டு ஒண்ணு ரெண்டு மூணு எண்ணுச்சு. பதினேழு வரைக்கும் எண்ணுச்சு."

"பதினேழுக்கு அப்புறம்?" என்று கேட்டுவிட்டேன்.

"நண்டுக்கு அவ்வளவுதான் தெரியும்."

அன்று பள்ளி விடும் நேரத்தில் அவள் பெரியம்மா ஜமீலா ஒரு கடிதத்தோடு வந்தார். அந்த ஊரில் வெளிநாட்டுக் கடிதங்கள் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்துக்குத்தான் வரும். ஜொஹரா உரக்கப் படிப்பார். வந்தவர்கள் சுற்றி நின்று கேட்பார்கள். டீச்சர் தாளைப் பார்த்துப் படித்தால் அது உம்மா சொன்னது, மாமா சொன்னது, கணவன் சொன்னது.

"சபுராவுக்கு இரண்டு கவுன் எடுத்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கார அம்மா எப்போது விடுவார்கள் என்று தெரியவில்லை. விட்டால் வருவேன். சபுராவைத் தலை வாரிக்கொள்ளச் சொல்லவும்."

சபுரா பக்கத்தில் நின்று தாளையே பார்த்தாள். ஜொஹரா முடித்ததும் தாளின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டாள். பிறகு தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. இன்றுவரை அதற்கு எனக்குச் சமாதானம் கிடையாது.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்தக் குட்டி நண்டை மூன்று நாட்களாக இருட்டிலேயே வைத்திருக்கிறோமே என்றிருந்தது. என் பிள்ளைகள் யாராவது இப்படி எழுதியிருந்தால் விட்டிருப்பேனா? ஒரு வரி. ஒரே ஒரு வரி போதும்.

ஐந்தாம் நாள் சபுரா பதினேழு வரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்தினாள். நான் நிறுத்தவில்லை. தொடர்ந்து எழுதினேன். அவள் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படித்துக் காட்டினேன். கடைசி வரியையும் படித்தேன்.

"மறுநாள் காலையில் உம்மா நண்டு திரும்பி வந்தது."

சபுரா அசையாமல் நின்றாள். கலியமூர்த்தி போலச் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை.

"மறுநாள்னா நாளைக்கா?"

"ஆமா, நாளைக்கு."

மையில் விரலை வைத்தாள். எப்போதும் ஒருமுறைதான் வைப்பாள். அன்று இரண்டு முறை வைத்தாள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்த ஊருக்கு வந்து அன்றுதான் அவள் பல்லைப் பார்த்தேன். முன்பல் ஒன்று விழுந்திருந்தது.

ஜொஹராவிடம் காட்டவில்லை. பெருமையை ஒருநாள் தள்ளி அனுபவிக்கலாம் என்றிருந்தேன்.

மறுநாள் மதியத்துக்கு மேல் ஜமீலா ஓடி வந்தார்.

"டீச்சரம்மா, சபுரா பள்ளிக்கூடத்துலதான இருக்கா?"

"காலையிலேருந்து வரலியே," என்றார் ஜொஹரா.

"விடியக்காலையிலேயே குளிச்சிட்டு, பெருநாள் சட்டையப் போட்டுக்கிட்டுக் கெளம்புச்சே. என்னாடி இன்னிக்குன்னு கேட்டேன், சிரிச்சுச்சு. தலைகூட அதுவே வாரிக்கிச்சு."

ஜொஹரா என்னைப் பார்க்கவில்லை. நேராக ஜன்னலோர மேசைக்குப் போய் நோட்டைத் திறந்தார். கடைசிப் பக்கத்தைப் படித்தார். இரண்டு ஊதாக் கைநாட்டுகள். மூடி வைத்தார்.

"பஸ் நிக்கிற எடத்துலதான் இருப்பா," என்றார்.

இரண்டு மைல். வழி முழுவதும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நடப்பது சுலபமாக இருந்திருக்கும்.

சபுரா நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். சரிகை வைத்த பச்சைச் சட்டை. எண்ணெய் வழிய வாரிய தலை. வகிடு கோணல்.

தேநீர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "காலையிலேருந்து இப்படியேதான் டீச்சர். ஒரு பன்னு குடுத்தேன். பாதியத் தின்னுட்டுப் பாதிய மடியில வச்சுக்கிச்சு. ஏன்டான்னா பேச மாட்டேங்குது."

ஜமீலா அவள் கையைப் பிடிக்கப் போனார். ஜொஹரா தடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தன பஸ் வந்துச்சு?"

சபுரா மூன்று விரலைக் காட்டினாள்.

"இன்னும் எத்தன?"

ஒரு விரல்.

"சரி. நானும் இருக்கேன்."

நான் குனிந்து அவர் காதில் சொன்னேன். "தூக்கிக்கிட்டுப் போயிடலாமே. வெயில்ல காஞ்சு கெடக்கு பிள்ளை."

"அந்த நாலாவது பஸ்ஸ அவ பாக்க வேணாமாக்கா?"

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். பேருந்து வந்தது. குடையோடு ஒருவர் இறங்கினார். கூடையோடு இரண்டு பெண்கள் இறங்கினார்கள். நடத்துநர் விசில் அடித்தார். சபுரா எழுந்து நின்று, ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தாள். பேருந்து திரும்பி மறையும்வரை பார்த்தாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். பெரியம்மாவை அல்ல, ஜொஹராவை அல்ல.

"மறுநாள்னு படிச்சீங்க."

"ஆமா."

"கடுதாசியில வந்துச்சா?"

"இல்ல."

"உம்மா சொன்னாங்களா?"

"இல்லம்மா. நீயும் சொல்லல. நானாச் சேத்து எழுதிட்டேன்."

"ஏன்?"

எத்தனையோ பிள்ளைகளின் கதைகளில் வரி சேர்த்திருக்கிறேன். யாரும் என்னை அந்தக் கேள்வி கேட்டதில்லை.

"நீ சந்தோஷப்படுவேன்னு," என்றேன்.

மடியிலிருந்த பாதிப் பன்னை எடுத்துக் கல்லின் மேல் வைத்தாள். எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்து போனாள்.

அதற்குப் பிறகு அவள் மேசைக்கு வரவில்லை. ஏழாம் நாளும் வரவில்லை, எட்டாம் நாளும் வரவில்லை. கூடத்தின் மறுகோடியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பேச இருந்தது ஒரே ஓர் இடம். அதை நான் அடைத்துவிட்டேன்.

கலியமூர்த்தி இன்னொரு கதை சொன்னான். படித்துக் காட்டும்போது ஒவ்வொரு சொல்லாக விரலை மடக்கி எண்ணினான்.

"ஏன்டா எண்ணுறே?"

"நீங்க சேத்துடுவீங்களாமே."

எட்டாம் நாள் சாயங்காலம் எல்லோரும் போன பிறகு, நோட்டை எடுத்துக்கொண்டு ஜொஹராவிடம் போனேன்.

"இந்தப் பக்கத்தக் கிழிச்சிடறேன். இல்ல, அந்த ஒரு வரிய மட்டும் அடிச்சிடறேன்."

நோட்டை வாங்கிக்கொண்டார். கிழிக்க விடவில்லை.

"அதுல அவ கைநாட்டு இருக்குக்கா. ரெண்டு."

"அது பொய்க்கு வச்சது."

"அவ பொய்க்கு வைக்கல. உங்களுக்கு வச்சா."



"அப்ப நான் என்னதான் செய்ய?"

"மேசையில உக்காருங்க."

"அவ வரலேன்னா?"

"உக்காந்திருங்க."

"நாளைக் கழிச்சு எனக்கு லீவு முடியுது."

"நாளைக்கு இருக்குல்ல," என்றார்.

ஒன்பதாம் நாள் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பிள்ளையாக வந்து சொல்லிவிட்டுப் போனது. பூனைக் கதை, ஐஸ் வண்டிக் கதை, பேயைப் பார்த்துப் பயந்த பேயின் கதை. எழுதினேன். படித்தேன். விரலை வைத்தார்கள். வரிசை தீர்ந்தது. பள்ளி விடும் மணி அடித்தது. பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

நான் எழவில்லை. ஜொஹரா கூடத்தைப் பெருக்கத் தொடங்கினார். என் காலுக்கு அடியில் பெருக்கும்போதுகூட எழுந்திருங்கள் என்று சொல்லவில்லை.

மேசையின் விளிம்பில் ஒரு சிறிய கை வந்து நின்றது.

நான் பேனாவைப் பார்த்தேன்.

"எழுதுங்க," என்றாள் சபுரா.

எழுதினேன்.

"உம்மா நண்டு வரல."

எழுதினேன்.

"தஞ்சாவூர் டீச்சர் தப்பா எழுதிட்டாங்க."

பேனா நின்றது. கல்லூரியில் படித்த கை அது. தவறு என்ற ஒன்றை ஐம்பது விதமாக மென்மையாக்கிச் சொல்ல அதற்குத் தெரியும். அவள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் துடைப்பச் சத்தமும் நின்றிருந்தது.

தஞ்சாவூர் டீச்சர் தப்பா எழுதிட்டாங்க என்று எழுதினேன்.

அவள் மூச்சு விட்டது கேட்டது. அதன் பிறகு நிறுத்தாமல் சொன்னாள்.

"குட்டி நண்டு பஸ் பாக்கப் போச்சு. நாலு பஸ் வந்துச்சு. நாலுலயும் உம்மா நண்டு இல்ல. குட்டி நண்டு திரும்பி வளைக்கு வந்துச்சு. பதினெட்டு எண்ணுச்சு. பத்தொம்பது எண்ணுச்சு. இருபது எண்ணுச்சு. தண்ணி எறங்குச்சு. குட்டி நண்டு வெளியில வந்துச்சு. வெளியில நெறைய நண்டு இருந்துச்சு."

படித்துக் காட்டினேன். எங்கும் தடுக்கவில்லை. என்னைப் பற்றிய இடத்தில் மட்டும், "இன்னொரு தடவ படிங்க" என்றாள். படித்தேன்.

ஸ்டாம்ப் பேடைத் திறந்து தன் விரலை அழுத்தி, புதுக் கதையின் கீழே ஒருமுறை வைத்தாள். பிறகு பின்னால் புரட்டி, இரண்டு கைநாட்டு இருந்த பழைய பக்கத்தை எடுத்தாள். உம்மா நண்டு திரும்பி வந்தது என்ற வரியை அவளால் படிக்க முடியாது. ஆனால் அது எது என்று தெரிந்திருந்தது. கடைசி வரி.

என் கையைப் பிடித்தாள். கட்டை விரலை நிமிர்த்தி மையில் அழுத்தினாள்.

"இதுக்கு நீங்க வைங்க. இது நீங்க சொன்னது."

வைத்தேன். அவளுடைய இரண்டு சிறிய ரேகைகளுக்குப் பக்கத்தில் என்னுடையது பெரிதாக, கொஞ்சம் இழுத்துக்கொண்டு விழுந்தது.

"அழுத்தி வச்சிட்டீங்க," என்றாள். "பரவால்ல."

பையை மாட்டிக்கொண்டு போனாள். வாசலில் ஜொஹராவைத் தாண்டும்போது, "போய்ட்டு வர்றேன் டீச்சர்" என்று சொன்னாள். மேசைக்கு வெளியில் அவள் பேசியதை நான் கேட்டது பேருந்து நிறுத்தத்துக்குப் பிறகு அப்போதுதான். ஜொஹரா துடைப்பத்தைப் பிடித்தபடி, "தலைய நல்லாத் தொடச்சுக்க, எண்ண வழியுது" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை முதல் பேருந்துக்கு ஜொஹரா வந்து என்னோடு நின்றார். அந்தக் கல்லில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. என் விரலில் மை போகாமல் இருந்தது. எண்ணெய்ப் பசையோடு தொட்ட இடமெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது. பை, சேலை, கைக்குட்டை, எல்லாவற்றிலும் ஊதா.

தூரத்தில் பேருந்தின் ஒலி கேட்டது.

"டீச்சர், வந்த அன்னிக்குக் கேட்டது. நீங்க இன்னும் சொல்லல."

"என்னக்கா கேட்டீங்க?"

"கொழந்தைங்களுக்குக் கதை எழுத எப்படிச் சொல்லித் தர்றது?"

என் கையைப் பிடித்து விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த மை காயட்டும்க்கா. அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

பேருந்தில் ஏறித் தஞ்சாவூர் வரும்வரை அந்தக் கையை மடியில் மல்லாத்தி வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் பாடவேளையில் கரும்பலகையில் எதையும் எழுதாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் கையில் ரப்பரோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை.

சபுராவின் உம்மா ஒன்பது வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், மூன்றாவது பேருந்தில் வந்து இறங்கினார். சபுராவுக்கு அன்று கணக்குப் பரீட்சை. செய்தி வந்தும், முழுவதும் எழுதி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.